அடிபட்டவருக்கு உதவ அரசு நிதி உண்டா? எங்கள் வார்டில் கேமராவுக்கு மட்டும் பணம் வருகிறது

கேள்வி: உய்யக்கொண்டான் கரை

வணக்கம். திருச்சி மாவட்டத்தில் ஒரு நகராட்சிக்கு உட்பட்ட பகுதியில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்மணி இரவு ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, பின்னால் பைக்கில் வந்த இருவர் கழுத்துச் சங்கிலியைப் பறித்த வேகத்தில் அவர் கீழே விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு தலையிலும் பலமாக அடிபட்டது. முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது. பறித்தவர்கள் யாரென்று இதுவரை தெரியவில்லை. தனியார் மருத்துவமனைச் செலவுக்காகக் குடும்பத்தார் வீட்டில் எஞ்சியிருந்த நகையையும் அடகு வைத்துவிட்டார்கள். அவர் தையல் வேலை செய்து வந்தவர். வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாததால் இப்போது வேலை இல்லை. இருட்டிய பிறகு வாசலைத் தாண்டுவதும் இல்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பின், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து தெருமுனைகளில் கண்காணிப்பு கேமரா பொருத்த ஏற்பாடு செய்வதாக எங்கள் கவுன்சிலர் சொல்லியிருக்கிறார். பராமரிப்புக்குச் சங்கமும் ஒரு தொகை தர வேண்டுமாம். கேமராவை நான் எதிர்க்கவில்லை. ஆனால் செயற்குழுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், இனி நடக்கப்போகும் குற்றத்தைப் படம்பிடிக்க அரசிடம் பணம் இருக்கும்போது, நடந்த குற்றத்தில் அடிபட்டவரைத் தாங்கிப் பிடிக்க ஏன் இல்லை என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென அரசு நிதி உண்மையில் இருக்கிறதா, இருந்தால் யாரிடம் கேட்க வேண்டும், குற்றவாளி பிடிபடாத வழக்கிலும் அது கிடைக்குமா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். வார்டு மக்கள் கூடும் அடுத்த ‘பகுதி சபா’ கூட்டத்தில் எங்கள் பகுதி சார்பில் ஒரு மனு வைக்கவும் எண்ணியிருக்கிறோம். அதில் கேமராவைத் தவிர வேறு எதைக் கேட்கலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: தஞ்சை வழக்கறிஞர்

நிதி இருக்கிறது. அது இருப்பதைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லும் பொறுப்பு நடைமுறையில் யாருடைய தலையிலும் விழுவதில்லை என்பதே நம் மாநிலத்தில் நான் காணும் முதன்மையான குறை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 357ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் குற்றவாளிக்கு விதிக்கப்படும் அபராதத்திலிருந்து ஒரு பங்கை நீதிமன்றம் பாதிக்கப்பட்டவருக்கு வழங்கச் செய்யலாம் என்ற ஏற்பாடுதான் முக்கியமாக இருந்தது; குற்றவாளி பிடிபடாவிட்டாலோ, பிடிபட்டும் விடுதலையானாலோ, அபராதம் கட்ட வழியற்றவராக இருந்தாலோ பாதிக்கப்பட்டவருக்கு எதுவும் கிடைக்காது. குற்றத்தைத் தடுக்கத் தவறிய அரசுக்கே மறுவாழ்வுப் பொறுப்பு உண்டு என்ற நிலைப்பாட்டை 357ஏ கொண்டுவந்தது. உங்கள் வழக்குக்கு நேரடியாகப் பொருந்துவது 396-இன் நான்காம் உட்பிரிவு: குற்றவாளி யாரென்று கண்டறியப்படாமல், விசாரணையே நடைபெறாத நிலையிலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவர்களோ மாவட்ட அல்லது மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கோரி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் வந்த பின் ஆணைக்குழு இரண்டு மாதங்களுக்குள் விசாரணையை முடித்துத் தக்க தொகையை வழங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் அது நீளும் என்பதையும் சேர்த்தே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்பிரிவின் கீழ் தமிழ்நாட்டில் 2013-இல் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பின்னர், பெண்களுக்கு எதிரான குற்றங்களில் மாநிலத்துக்கு மாநிலம் தொகை பெரிதும் வேறுபட்டதைக் கண்ட உச்ச நீதிமன்றத்தின் முயற்சியால் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் ஒரு தனித் திட்டத்தை வகுத்தது. 2018 அக்டோபர் 2 முதல் அது நாடு முழுவதற்கும் அடிப்படையானது. அதன்படி உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம், மறுவாழ்வு தேவைப்படும் கடுமையான உடற்காயத்துக்கோ மனக்காயத்துக்கோ 1 முதல் 2 லட்சம் ரூபாய் என்று கீழ்வரம்பும் மேல்வரம்பும் உண்டு. நிரந்தர ஊனம் ஏற்பட்டிருந்தால் அதன் விழுக்காட்டைப் பொறுத்துத் தொகை கூடும். உங்கள் பகுதிப் பெண்மணியின் காயம் எந்தத் திட்டத்தின் எந்த இனத்தில் அடங்கும் என்பதைக் குற்றப் பிரிவையும் மருத்துவச் சான்றுகளையும் பார்த்து ஆணைக்குழுதான் முடிவு செய்யும்; ஆகவே விண்ணப்பத்தில் இரண்டு திட்டங்களையும் குறிப்பிட்டுவிடுவது நல்லது. பறிபோன சங்கிலியின் மதிப்பை இத்திட்டங்கள் ஈடுசெய்வதில்லை. அந்த எதிர்பார்ப்போடு அவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்தில் செயலாளர் பெயருக்கு எழுதிக் கொடுக்கலாம். 15100 என்ற இலவச எண்ணிலும் வழிகாட்டுதல் கேட்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவ ரசீதுகள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை இணையுங்கள். கை இயங்காத நிலை நீடித்தால் அரசு மருத்துவக் குழுவிடம் ஊனச் சான்றிதழும் பெற்றுவிடுங்கள். இறுதி முடிவு வருமுன் இடைக்கால நிவாரணம் வேண்டும் என்று தனியே ஒரு பத்தி எழுதுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்திட்டங்களில் காலவரம்பும் உண்டு என்பதால் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவானதால்தான் உங்களுக்கு இந்த வழி எளிதாகத் திறந்திருக்கிறது. சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் பெற்றதற்கான ஒப்புகையை) மட்டும் கையில் கொடுத்து அனுப்பப்படுகிறவர்கள் இழப்பீட்டு அலுவலகத்தின் படியேறவே தயங்கித் திரும்பிவிடுகிறார்கள். எவ்வளவு ஒதுக்கீடு இருந்தாலும் காவல் நிலைய மேசையிலேயே பலர் கழிந்துவிடுகிறார்கள் என்பதால், ஒதுக்கீட்டில் ஒரு பங்கு செலவாகாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் தேவையே இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. தண்டனைத் தீர்ப்போ விடுதலைத் தீர்ப்போ எழுதும்போது இழப்பீட்டைப் பரிந்துரைக்கும் கடமை விசாரணை நீதிமன்றங்களுக்கும் உண்டு. அது போதிய அளவில் நடைபெறவில்லை என்பதால்தான், உடற்காயம் தொடர்பான வழக்குகளில், குறிப்பாகப் பெண்களும் சிறாரும் பாதிக்கப்பட்டவற்றில், அமர்வு நீதிமன்றங்கள் இழப்பீட்டு உத்தரவையும் வழங்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் அறிவுறுத்த நேர்ந்தது.


பதில்: முன்னாள் ஆற்றுப்படுத்துநர்

வழக்கறிஞர் இழப்பீட்டைத் தெளிவாக விளக்கிவிட்டார். நான் தென்மாவட்டம் ஒன்றில் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஆற்றுப்படுத்துநராக (மன ஆலோசனை தருபவராக) பணிபுரிந்தவள் என்பதால், இழப்பீடு அல்லாத உதவிகளுக்கான நிதியைப் பற்றிச் சொல்கிறேன்.

2012 டிசம்பர் தில்லி சம்பவத்துக்குப் பின் 2013-14 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி தொடங்கப்பட்டது. அந்த நிதியிலிருந்து 2015 ஏப்ரல் முதல் உருவானவையே இந்த மையங்கள். காவல் உதவி, மருத்துவம், சட்ட ஆலோசனை, ஆற்றுப்படுத்தல், ஐந்து நாள் வரை தங்குமிடம் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு மட்டுமே இந்த மையங்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். பொது இடத்தில் தாக்கப்பட்ட பெண்ணும் இங்கு வரலாம். ஆகவே இருட்டினால் வெளியே வர அஞ்சுகிற உங்கள் பகுதிப் பெண்மணிக்கு, பணம் வருவதற்கு முன்பே ஆற்றுப்படுத்தல் உதவி கிடைக்க வழியுண்டு. 181 என்ற எண்ணில் அழைத்தால் மாவட்ட மையத்தோடு இணைப்பார்கள்.

ஆனால் இந்த மையங்களின் உயிர் அங்கு வேலை செய்யும் ஆட்களிடம் இருக்கிறது. அந்த ஆட்களோ ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். மத்திய நிதி தவணையாக வந்து சேரும் வரை நான் பணியாற்றிய மையத்தில் மாதக்கணக்கில் ஊதியம் நிலுவையில் இருந்ததுண்டு. ஆற்றுப்படுத்துநர் ஒருவர் விலகினால் அவரை நம்பி வாய் திறந்த பெண், புதிதாக வருகிறவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பாதியில் வருவதை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. கோப்பில் அது தீர்க்கப்பட்ட வழக்காகவே பதிவாகும். மையக் கட்டடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்ட ஒதுக்கீடு வாங்குவது எளிதாக இருந்தது. ஒரு பெண்ணை மலையோரக் கிராமத்திலிருந்து நீதிமன்றத்துக்கு வரவழைக்க வாடகை வண்டிக்கும் அன்றைய கூலி இழப்புக்கும் பணம் தேடுவதுதான் ஒவ்வொரு முறையும் போராட்டமாக இருந்தது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளின்படி, உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்கலாம். பரிந்துரை வந்து ஒரு வாரத்துக்குள் தொகை வழங்கப்பட வேண்டும். விசாரணை முடியும் வரை குழந்தையுடன் இருக்க ஓர் ஆதரவு நபரையும் நியமிக்க விதி உண்டு. சிறப்பு நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டால் மாநில அரசு 30 நாட்களுக்குள் அதைச் செலுத்த வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், பாதிப்பு நேர்ந்தது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உண்டு. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், ஆதரவு நபர் நியமனம் பல மாநிலங்களில் காகிதத்தில் நின்றுவிட்டதால் 2023-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தனியே உத்தரவு பிறப்பித்தது. வயது வந்தவர்களுக்குப் பொதுவாக அந்தக் காகித அளவிலான ஏற்பாடுகூட இல்லை.


பதில்: கடைவீதி

கேமராவைக் குறைத்துப் பேசுவதோடு நான் உடன்படவில்லை. சென்னையில் 2017, 2018 ஆண்டுகளில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் வணிகர்களும் குடியிருப்போரும் செலவைப் பகிர்ந்துகொண்டு பெருமளவில் கேமராக்களைப் பொருத்தினார்கள். அதன் பின் சங்கிலிப் பறிப்பு குறைந்ததாகக் காவல் துறையே தெரிவித்தது. எங்கள் கடைத்தெருவிலும் இரண்டு திருட்டு வழக்குகளில் பதிவைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள். ஆள் பிடிபட்டால்தான் பறிபோன பொருளும் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

என் குறை பராமரிப்பைப் பற்றியது. திறப்பு விழாவன்று எல்லாம் வேலை செய்கிறது. பிறகு ஒயர் அறுந்தால், ஹார்ட் டிஸ்க் நிரம்பினால், மின்கட்டணம் யார் பெயரில் என்று தகராறு வந்தால், பொறுப்பேற்க ஆள் இல்லை. கேமரா கேட்கிறவர்கள் எத்தனை ஆண்டுகளுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம், பதிவு எத்தனை நாள் சேமிக்கப்படும், பதிவைப் பார்க்கும் அதிகாரம் யாருக்கு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.


பதில்: வரவுசெலவு வாசகன்

கேள்வி கேட்டவர் சொன்ன அந்த மூத்த உறுப்பினரின் ஐயத்துக்கு விடை பெரும்பாலும் நிதி விதிகளிலேயே இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி, தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஒதுக்கப்படுகிறது. இவை நிலைத்து நிற்கும் சொத்துகளை உருவாக்குவதற்கானவை. ஊதியம், பயணப்படி, ஆலோசனைக் கட்டணம் போன்ற தொடர் செலவினங்களுக்கு இவற்றைப் பயன்படுத்த முடியாது. ஆகவே உங்கள் சட்டமன்ற உறுப்பினர் எவ்வளவு நல்ல மனம் படைத்தவராக இருந்தாலும், தம் நிதியிலிருந்து கேமரா தர முடியும், ஆற்றுப்படுத்துநர் ஒருவரைத் தர முடியாது. மக்கள் பங்களிப்போடு நடைபெறும் நமக்கு நாமே போன்ற திட்டங்களும் இதே போக்கில் அமைந்தவையே. கல்வெட்டில் பெயர் பொறிக்கத் தக்க பணிக்கு மூன்று நான்கு வாசல்கள் திறந்திருக்கின்றன. மனிதர் வந்து உட்கார்ந்து செய்யும் பணிக்கு ஒற்றை வாசல், அதுவும் துறையின் ஆண்டு மானியத்தின் வழியாக மட்டும்.

நிர்பயா நிதியும் பெருமளவு இந்தப் பக்கமே சாய்ந்தது. தொடக்கம் முதல் 2024-25 வரை 7,700 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கப்பட்டு, அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு பயன்படுத்தப்பட்டதாக மத்திய அரசு தெரிவித்திருக்கிறது. சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்களில் மத்திய, மாநில அரசுகள் பெரும்பாலும் 60:40 என்ற விகிதத்தில் செலவிடும் பாதுகாப்பான நகரம் திட்டம், ரயில் நிலையங்களில் கண்காணிப்பு கேமராக்கள், 112 அவசர அழைப்பு அமைப்பு, தடய அறிவியல் ஆய்வகங்கள், விரைவு சிறப்பு நீதிமன்றங்கள் ஆகியவை பெருந்தொகை பெற்றவை. இவற்றில் ஒன்றையும் வீண் என்று நான் சொல்லவில்லை. 112 அமைப்பும் ஆய்வகங்களும் அவசியமானவை. ஆனால் இதே நிதியிலிருந்து மாநிலங்களின் இழப்பீட்டுத் திட்டங்களுக்கு வலுச்சேர்க்கத் தரப்பட்டது, நாடு முழுமைக்கும் சேர்த்து ஒரே முறை வழங்கப்பட்ட 200 கோடி ரூபாய்தான். சென்னை ஒன்றுக்கு மட்டுமே பாதுகாப்பான நகரம் திட்டத்தில் சுமார் 425 கோடி மதிப்பிடப்பட்டது என்பதை அருகில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு யோசனையையும் சிலர் முன்வைப்பார்கள்: குற்றவாளிகளிடம் வசூலாகும் அபராதத்தைக் கொண்டே பாதிக்கப்பட்டோர் நிதியை நடத்தினால் வரிப்பணத்தைத் தொட வேண்டியதில்லையே என்று. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1984 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றப் பாதிப்பு நிதி அப்படிப்பட்டதுதான். கூட்டாட்சி நீதிமன்றங்களில், பெரும்பாலும் பெருநிறுவனங்கள் மீதான வழக்குகளில், விதிக்கப்படும் அபராதங்கள் அதில் சேரும். பெரிய வழக்குகள் குறைந்து, அபராதம் செலுத்தி வழக்கைத் தவிர்க்கும் உடன்படிக்கைகளின் பணமும் வேறு கணக்குக்குப் போகத் தொடங்கியபோது நிதி வற்றியது. 2018-இல் 440 கோடி டாலருக்கு மேல் இருந்த ஆண்டுச் செலவு வரம்பு 2024-இல் 135 கோடி டாலராகச் சுருங்கியது. இடையில் 2021-இல் சட்டத்தைத் திருத்தி அந்த உடன்படிக்கைப் பணத்தையும் நிதிக்குத் திருப்பிவிட்டும் சரிவு நிற்கவில்லை. அந்தப் பணத்தை நம்பி ஆள் வைத்திருந்த புகலிடங்களும் ஆலோசனை மையங்களும் ஆட்குறைப்பு செய்ய நேர்ந்தது. நம் இழப்பீட்டு நிதியிலும் அபராதம், நன்கொடை, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி ஆகியவற்றைச் சேர்க்க இடமிருக்கிறது. அவை மேலதிகமாக வரட்டும். அடித்தளம் ஆண்டுதோறும் சட்டமன்றம் ஒதுக்கும் பணமாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாநில அரசிடம் கேட்பதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, அவர் எந்த மாநிலத்தவர், வருமானம் என்ன என்று பாராமல், தனியார் மருத்துவமனை உட்பட அரசு செலவிலேயே வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. மருத்துவமனைக்கு அரசே பணம் தருவதால் குடும்பத்தார் ரசீதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. பாலியல் வன்கொடுமைக்கும் அமில வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு எந்த மருத்துவமனையும் உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. கத்திக்குத்திலோ பறிப்பிலோ காயமடைந்து அதே அவசரப் பிரிவுக்கு வருகிறவருக்கும் முதல் இரண்டு நாள் செலவை அரசே ஏற்க, புதிதாக ஓர் அமைப்பை உருவாக்கத் தேவையில்லை. இருக்கும் திட்டத்தின் வரம்பை விரித்தால் போதும்.


பதில்: வைகை வடகரை

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களோடு பணிபுரிகிறேன். நிதியை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் அச்சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அங்கு நிவாரணம் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. கொலை வழக்கென்றால் உடற்கூறாய்வு முடிந்ததும் பாதித் தொகை, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. வேறு பல குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை என்று படிப்படியாகத் தரப்படும். 2016 திருத்தத்தில் 85,000 முதல் 8.25 லட்சம் ரூபாய் வரை என்று இருந்ததைத் தமிழ்நாடு அரசு பின்னர் 1 லட்சம் முதல் 12 லட்சம் வரை உயர்த்தியது. வழக்குக்காகப் போய்வரும் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் மூன்று நாட்களுக்குள் தரப்பட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. முன்னாள் ஆற்றுப்படுத்துநர் குறிப்பிட்ட வாடகை வண்டிப் பிரச்சினைக்குச் சட்டத்திலேயே விடை எழுதப்பட்டிருக்கும் ஒரே இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது கூடி, யாருக்கு எவ்வளவு பணம் நிலுவை என்று பரிசீலிக்க வேண்டும். கூட்டம் முறையாக நடக்கும் மாவட்டத்தில் பணம் நகர்கிறது. நடக்காத மாவட்டத்தில் கோப்பு தூங்குகிறது. பொதுவான இழப்பீட்டுத் திட்டத்துக்கு இப்படி ஆட்சியர் மேசையில் வைத்துக் கேள்வி கேட்கும் குழு எதுவும் இல்லை என்பதை உங்கள் மனுவில் சுட்டிக்காட்டலாம்.


மறுமொழி: உய்யக்கொண்டான் கரை

அனைவருக்கும் நன்றி. வழக்கறிஞர் குறிப்பிட்ட ஆவணங்களில் காயச் சான்றிதழ் தவிர மற்றவை அக்குடும்பத்திடம் இருக்கின்றன. விண்ணப்பம் எழுத நானே உதவுகிறேன். மனுவைப் பொறுத்தவரை ஒரு தெளிவு வேண்டும். இழப்பீடு, ஆற்றுப்படுத்தல் எல்லாம் மாவட்ட, மாநில அளவிலானவை என்றால், நகராட்சியிடம் நாங்கள் கேட்கத் தக்கது என்ன? நகராட்சி தன் சொந்த வருவாயிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு உதவ முடியுமா? எங்கள் கவுன்சிலர் கேட்பவர்தான். ஆனால் தன் அதிகாரத்தில் இல்லாததைக் கேட்டால் கூட்டத்திலேயே மனுவை ஒதுக்கிவிடுவார்.


பதில்: தஞ்சை வழக்கறிஞர்

தனிநபருக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு நகராட்சிக்கு இல்லை. அதைக் கேட்டுக் கூட்ட நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் குற்றத் தடுப்பில் மிக மலிவானதும் பயன் தருவதுமான பணிகள் சில அதன் நேரடிப் பொறுப்பிலேயே இருக்கின்றன: எரியாத தெருவிளக்கு, புதர் மண்டிய காலிமனை, பேருந்து நிறுத்தத்திலிருந்து குடியிருப்பு வரையிலான இருண்ட பகுதி. பறிப்பு நடந்த இடத்தில் அன்று விளக்கு எரிந்ததா என்று விசாரித்தீர்களா? எரியவில்லை என்றால் மனுவின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். விளக்கின் கம்ப எண்ணோடு எழுதிக் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கடினம். இளைஞர்கள் தொடர்பாக ஏதேனும் கேட்க விரும்பினால், 2022-இல் சென்னையில் 100 பள்ளிகளில் மாணவர்களுக்குப் பொறுப்புணர்வையும் ஒழுக்கத்தையும் பயிற்றுவிக்கக் காவல் துறை தொடங்கிய சிற்பி திட்டத்தைப் போன்ற ஒன்றை உங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கும் பரிந்துரைக்குமாறு தீர்மானம் போடலாம். அது பரிந்துரை அளவில்தான் நிற்கும் என்பதால் நான் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

கேமரா வேண்டாம் என்று எழுதாதீர்கள். கடைவீதி நண்பர் சொன்ன பராமரிப்பு நிபந்தனைகளை அப்படியே மனுவில் சேருங்கள். சங்கம் தருவதாக இருக்கும் பணத்தில் ஒரு பங்கை மட்டும் தனியே நிறுத்திவைத்து, இனி உங்கள் பகுதியில் யாருக்கேனும் இப்படி நேர்ந்தால் முதல் வாரத்தின் பயணம், நகல் எடுத்தல், மருந்து ஆகியவற்றுக்குப் பயன்படுத்துங்கள். அரசுப் பணம் எவ்வளவு விரைவாக வந்தாலும் அந்த முதல் வாரத்துக்குள் வராது. அதே நேரத்தில் அரசு செய்ய வேண்டியதைச் சங்கம் முழுதாகத் தன் தோளில் ஏற்றிக்கொள்வதையும் நான் ஆதரிக்கமாட்டேன்.

பாதிக்கப்பட்டோர் உதவியைப் பொறுத்தவரை, பகுதி சபாவில் நிறைவேற்றும் தீர்மானத்தை நகராட்சியோடு நிறுத்தாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். சட்டம் சார் தன்னார்வலர்கள் என்று சிலருக்கு ஆணைக்குழு பயிற்சியளித்து, பணிபுரியும் நாளுக்கு மதிப்பூதியம் கொடுத்து வைத்திருக்கிறது. அவர்களில் ஒருவரை உங்கள் காவல் நிலையத்துக்கு ஒதுக்கி, வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் அங்கு இருக்கச் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். இதற்குப் புதிய ஒதுக்கீடோ அரசாணையோ தேவையில்லை. இழப்பீட்டுத் திட்டத்தின் விவரம் தமிழில் அச்சிடப்பட்ட பலகை ஒன்று காவல் நிலைய வாசலிலும் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். பலகை எழுதும் செலவை நகராட்சியே ஏற்கலாம், கவுன்சிலரும் மறுக்கமாட்டார்.

மாவட்ட நிலைமை தெரிந்தால் மனு இன்னும் வலுவாகும். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனுவில், கடந்த மூன்று நிதியாண்டுகளில் மாவட்ட ஆணைக்குழுவுக்கு வந்த இழப்பீட்டு விண்ணப்பங்கள் எத்தனை, நீதிமன்றப் பரிந்துரையால் வந்தவை எத்தனை, நேரடியாக வந்தவை எத்தனை, உத்தரவான தொகை எவ்வளவு, உண்மையில் வங்கிக் கணக்கில் சேர்ந்த தொகை எவ்வளவு, உத்தரவுக்கும் பணம் சேர்ந்ததற்கும் இடைப்பட்ட காலம் என்ன என்று கேளுங்கள். உத்தரவுத் தொகையையும் சேர்ந்த தொகையையும் தனித்தனியே கேட்பது முக்கியம். அரசின் ஒதுக்கீடு ஆணைக்குழுவுக்கு வந்து சேராமல் உத்தரவுகள் காத்துக் கிடக்கின்றனவா, அல்லது விண்ணப்பங்களே வராமல் பணம் மார்ச் மாதத்தில் காலாவதியாகிறதா என்பது அதில்தான் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு.

காயச் சான்றிதழுக்குப் புலனாய்வு அதிகாரி வழியாகத்தான் மருத்துவமனைக்குக் கோரிக்கை போக வேண்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள். அப்படிச் சொன்னால், சான்றிதழ் பின்னர் தாக்கல் செய்யப்படும் என்று ஒரு வரி எழுதிவிட்டு விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்து, தேதி முத்திரையிட்ட ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் கெடு விண்ணப்பம் ஆணைக்குழுவின் கைக்குப் போன நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.